காதைத் திறந்து கேட்பது

வெள்ளிக்கிழமை மாலை ஈஸ்ட் குடுவைகளைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, இனி இரண்டு நாளைக்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதியோடு ஆய்வகத்திலிருந்து கிளம்பினேன். வழியில் கறுப்பு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, காப்பிப் பொடி வாங்கிக்கொண்டேன். ஜெர்மனியின் லூபெக் நகரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. மறந்தால் பட்டினிதான்.

வார இறுதிக்கு எனக்குத் தேவையானவை மூன்று. போர்வை, புத்தகம், சுவர்.

புத்தகம் ஃபின்லாந்தில் எங்கள் ஊரான கயானியிலிருந்து என் அக்கா அனுப்பியது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு தீவில், கலங்கரை விளக்கத்தில், மூன்று சகோதரிகள் வாழ்கிறார்கள். முதல் அறுபது பக்கங்களில் அவர்கள் நான்கு முறைதான் பேசிக்கொண்டார்கள். அதில் இரண்டு முறை வானிலை பற்றி. ஃபின்லாந்தைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதிய நாவலை நான் படித்ததில்லை.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அறை எண் பதின்மூன்று. சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு. அங்கே இசைக் கல்லூரி மாணவர் ஒருவர் பஸூன் வாசிப்பார். பஸூன் என்பது ஆள் உயர மரக்குழல். கடமான் ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டு மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரல். முதல் வாரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் முதல் அது இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை. இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது அல்ல. அளந்து பார்த்தேன். பஸூன் ஒலிக்கும்போது மணிக்கு நாற்பது பக்கம். ஒலிக்காதபோது பதினைந்து.

அவர் ஒரு மெட்டை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஏழு சுரங்கள் படிப்படியாக ஏறும். எட்டாவது சுரம் உச்சத்தில் இருக்கிறது. அங்கே போனதும் குரல் உடையும். வாத்து மிதிபட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு மௌனம். மறுபடி முதலிலிருந்து. ஆறு வாரமாக நான் அந்த எட்டாவது சுரத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்றும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கதவின் கண்துளை வழியாகப் பார்ப்போம். யாராவது இருக்கிறார்களா என்று அல்ல, யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள. நடைவழியில் ஆள் இருந்தால், கோட்டும் தொப்பியும் போட்டபடி உள்ளேயே நிற்போம். அவர் போன பிறகுதான் கதவைத் திறப்போம். அங்கே இதை யாரும் கூச்சம் என்று சொல்வதில்லை. மரியாதை என்றுதான் சொல்வோம். அதனால் பதினான்காம் அறைக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு முதுகு, ஒரு நீளமான பெட்டி, கதவில் 'ஜெ. டெட்லெஃப்சன்' என்ற பெயர்ச்சீட்டு. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பொதுச் சமையலறைப் பலகையில் அவர் ஒரு தாளைக் குத்தியிருந்தார். 'திங்கட்கிழமை காலை எனக்கு இசைக்குழுத் தேர்வு. கல்லூரிப் பயிற்சி அறைகளில் தரை மெழுகுகிறார்கள். அதனால் சனிக்கிழமை இங்கேதான் வாசிப்பேன். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.'

சீட்டு எழுதச் சொன்ன மனிதர்மேல் எனக்கு உடனே மதிப்பு வந்தது. நேரில் வந்து பேசச் சொல்லவில்லையே.

வெள்ளி இரவு உணவுக்குமுன் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் ஒருவருக்கு நல்ல வார்த்தை சொல்வதென்றால் அவர் மொழியில் சொல்வதுதான் முறை. என் ஜெர்மனுக்கு வயது மூன்று மாதம். பெரிய வாக்கியங்களைத் தவிர்த்தேன். வார இறுதி முழுக்க நான் அறையில்தான் இருப்பேன் என்று முதல் வரி. அவர் வாசிப்பதைக் கவனமாகக் கேட்பேன் என்று இரண்டாம் வரி. அதற்கு ஒரு வினைச்சொல் வேண்டும். 'ஹோரன்' என்றால் கேட்பது. அது தெரியும். 'அவுஃப்' என்றால் திறந்திருப்பது. அதுவும் தெரியும். கதவு அவுஃப், ஜன்னல் அவுஃப். ஆகவே 'அவுஃப்ஹோரன்' என்றால் காதைத் திறந்து கேட்பது. இந்தச் சொல்லை எங்கோ கேட்ட ஞாபகமும் இருந்தது. ஆக, ஊகம் உறுதியானது. மரியாதைக்காக முன்னால் ஒரு 'தயவுசெய்து' போட்டேன். கடைசியில், நன்றி, எனக்கு மிகவும் மகிழ்ச்சி. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

நான்கு முறை எழுதி, கையெழுத்து நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுத்து, நடைவழி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, பதினான்காம் கதவின் அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தேன். இந்த ஊரில் நானாக முன்வந்து ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை பத்து மணி. காப்பி, போர்வை, பக்கம் அறுபத்தொன்று. விடுதி விதிப்படி சனிக்கிழமை பத்திலிருந்து ஒன்றுவரை, மறுபடி மூன்றிலிருந்து ஆறுவரை வாத்தியம் வாசிக்கலாம். ஞாயிறு முழுக்க அமைதி. டெட்லெஃப்சன் பத்து அடித்ததும் ஆரம்பிப்பவர்.

பத்தேகால். சத்தமில்லை. பத்தரை. அந்தப் பக்கம் கெட்டில் கொதித்தது. யாரோ இருமினார்கள். ஆக, ஆள் இருக்கிறார்.

பதினொன்றுக்கு ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். மாவு அளக்க வைத்திருந்த கண்ணாடிக் குடுவையைச் சுவரில் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்தேன். டக் டக் டக் டக், சிறு இடைவெளி, டக் டக் டக், பெரிய இடைவெளி, டக். பஸூனின் சாவிகள், அதாவது துளைகளை மூடித் திறக்கும் உலோக விசைகள். ஏழு சுரமும் எட்டாவதும். ஊதாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஏதோ புதுப் பயிற்சி போலிருக்கிறது என்று நினைத்தேன். பன்னிரண்டரை வரைக்கும் அதுதான் நடந்தது. நான் இன்னும் அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருந்தேன்.

பசித்தது. கண்துளை வழியாகப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே கெசினா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சட்டம் படிப்பவள். எங்கள் தளத்துக்குப் பிரதிநிதியும் அவள்தான். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாங்க மகாராணி! மூணு மாசமா வாயே திறக்கல. திறந்த உடனே குண்டு போட்டுட்டியேடி!"

"என்ன குண்டு?"

"காலைல பதினாலாம் ரூம் ஜான்னெஸ் இங்க வந்தான், உன் சீட்டைத் தூக்கிட்டு. மூஞ்சி செத்துப்போச்சு. ஒரு கிண்ணம் ஓட்ஸை அரை மணி நேரம் கலக்கிட்டே உட்கார்ந்திருந்தான். சாப்பிடவே இல்ல."

"ஏன்? நான் நல்லதாத்தானே எழுதினேன்?"

"நல்லதா?" கெசினா நாற்காலிமேல் கிடந்த சீட்டை எடுத்து, நீதிமன்றத்தில் படிப்பதுபோல் படித்தாள். "'வார இறுதி முழுக்க நான் அறையில்தான் இருப்பேன். தயவுசெய்து நிறுத்தவும். நன்றி. எனக்கு மிகவும் மகிழ்ச்சி.' கீழ ஒரு சிரிப்பு மூஞ்சி வேற. கொலைகாரி கூட இவ்வளவு மரியாதையா எழுத மாட்டா."

"நிறுத்தவும்னு எங்க இருக்கு?"

"இதோ. அவுஃப்ஹோரன்."

"அது காதைத் திறந்து கேட்கிறது."

கெசினா என்னைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கிழங்கு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. நான் எடுத்துக் கழுவி வைத்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"கவனிச்சுக் கேட்கறதுக்கு ட்ஸூஹோரன். அவுஃப்ஹோரன்னா நிறுத்துன்னு அர்த்தம். பஸ்ல, பள்ளிக்கூடத்துல, எல்லா இடத்துலயும் கத்துவாங்களே, நீ கேட்டதே இல்லையா?"

அப்போதுதான் அந்தச் சொல்லை எங்கே சந்தித்தேன் என்று ஞாபகம் வந்தது. பேருந்தில் ஒரு அம்மா தன் இரட்டைப் பிள்ளைகளிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தைகளைக் கவனிக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"விதிப்படி வாசிக்கலாமே, அவர் ஏன் நிறுத்தணும்?"

"அதத்தான் நானும் சொன்னேன். சட்டப்படி உனக்கு உரிமை இருக்கு, அவ கேஸ் போட்டாக்கூட நிக்காதுன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வேற யாராவது எழுதியிருந்தா வாசிச்சிருப்பேன். அந்தப் பொண்ணு வணக்கம்கூடச் சொல்லாது. அதுவே எழுதுதுன்னா, மூணு மாசமா எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்'னு."

அவள் கையிலிருந்து சீட்டை வாங்கி மடித்தேன்.

"நாளைக்கு வாசிக்கவும் முடியாது," என்றேன்.

"முடியாது. ஞாயிறு. இனி இருக்கிறது இன்னிக்கு மூணுல இருந்து ஆறு. அத விட்டா நேரா தேர்வுதான். போ, கதவைத் தட்டு."

"நீ சொல்லேன்."

"நான் ரெண்டு மணி ரயில்ல கீல் போறேன், அம்மாவுக்குப் பிறந்தநாள். இருந்தாலும் சொல்ல மாட்டேன்டி. வாக்குமூலம் குடுத்தவதான் திருத்தணும். சாட்சி திருத்தக் கூடாது." கிழங்குகளைப் பானையில் கொட்டினாள். "ஒரு வார்த்தை. ட்ஸூஹோரன். வாயால சொல்லு, செத்துட மாட்ட."

அவளுக்கு எப்படித் தெரியும்?

அறைக்கு வந்து இரண்டாவது சீட்டு எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்தேன். 'நான்' என்ற சொல்லும் சரிதானா என்று சந்தேகம் வந்தது, அவ்வளவு பயம். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினான்காம் கதவின் அடியில் தள்ளினேன். போகவில்லை. மறுபடி தள்ளினேன். மெத்தென்று ஏதோ தடுத்தது. கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார். சாவியின் டக் டக் சத்தம்கூட என்னை எட்டிவிடக் கூடாது என்று.

இவ்வளவு நல்ல மனிதரையா நான் நிறுத்தினேன்?

கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். மாடிப்படியில் யாரோ வரும் சத்தம் கேட்டது. என் அறைக்கு ஓடிவிட்டேன். சீட்டு கையிலேயே இருந்தது.

மூன்று மணி. மூன்றேகால். டக் டக் டக் டக், டக் டக் டக். டக்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த நாட்டில் முதல் வகுப்பு முடிந்தபோது மாணவர்கள் எல்லாரும் விரல் முட்டியால் பெஞ்சைத் தட்டினார்கள். பேராசிரியர்மேல் கோபம் என்று பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே வகுப்பில் கைதட்டுவதற்குப் பதில் அப்படித்தான் தட்டுவார்கள் என்று. தட்டினால் பாராட்டு. வாயைத் திறக்காமலே பாராட்டலாம்! அவர் அடுத்த முறை எட்டாவது சாவியை அழுத்தியதும், விரல் முட்டியால் சுவரில் உற்சாகமாகத் தட்டினேன். பத்துப் பன்னிரண்டு முறை.

டக் டக் நின்றது.

"மன்னிச்சுக்கோங்க!" சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "இது கேக்கும்னு நினைக்கல! இனி விரலையும் அசைக்க மாட்டேன்!"

மேஜையில் தட்டினால் பாராட்டு. சுவரில் தட்டினால் புகார். அதே கை, அதே முட்டி. இதை ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கெட்டில்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. மணி மூன்று இருபது. திங்கட்கிழமை அவர் ஒரு இசைக்குழுவின் முன்னால் நிற்பார். ஏழு சுரம் வாசிப்பார். எட்டாவதில் வாத்து மிதிபடும். அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன். கூடவே நன்றி, எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

பேச வேண்டும். ஜெர்மனில் சத்தமாக. முதல் சொல் எது? தெரிந்த சொற்கள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தொண்டையில் நின்றன. கடைசியில் வெளியே வந்தது சொல் அல்ல. மெட்டு.

சுவருக்கு ஓரடி தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஏழு சுரங்களைப் பாடினேன். ல, ல, ல, ல. மூச்சு. ல, ல, ல. எட்டாவதில் நிறுத்திவிட்டேன். எனக்கு எட்டாத சுரம். அதோடு, அது என்னுடையதும் அல்ல.

ஒன்றும் நடக்கவில்லை. முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

டக்.

பிறகு ஊதினார். எட்டாவது சுரம். உடைந்தது. வாத்து.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கமும் கேட்டது. என் சிரிப்பு அவ்வளவு சத்தமானது என்று எனக்கே தெரியாது.

"நிறுத்தச் சொன்னீங்களே?" என்றார் சுவரிடம்.

"இல்ல! ட்ஸூஹோரன்! ட்ஸூஹோரன்!" என்று கத்தினேன். "வார்த்தை மாறிப்போச்சு. அவுஃப்னா திறந்திருக்கிறது. ஹோரன்னா கேக்கறது. காதைத் திறந்து கேக்கறதுன்னு நெனச்சு எழுதிட்டேன்."

"அட, சரியாத்தானே இருக்கு. எங்க மொழிதான் தப்பு."

"சுவத்துல தட்டினதும் பாராட்டுத்தான்."

"அது பாராட்டா? போலீஸ் வந்துருச்சுன்னு நெனச்சேன்!"

சுவர் இருந்ததால் பேச முடிந்தது. முகம் இல்லாத மனிதரோடு பேசுவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "நாலாவது சுரத்துக்கு அப்புறம் ஏன் நிறுத்தினீங்க? அங்க இடைவெளி கிடையாது. ஏழும் ஒரே மூச்சு."

"நீங்க நிறுத்துவீங்களே."

"நானா?"

"எப்பவும். நாலு வாசிச்சு, மூச்சு எடுத்து, மூணு வாசிப்பீங்க. இன்னிக்கு விரலால வாசிக்கும்போதுகூட அங்க நின்னீங்க." தயங்கினேன். "ஆறு வாரமா அப்படித்தான். நான் குறிச்சு வெச்சிருக்கேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனால் அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தாள் புரளும் சத்தம். பிறகு மெதுவாக, தனக்குத்தானே, "அரை மூச்சுல மேல போனா எப்படி நிக்கும், கழுதை," என்று ஒரு குரல். அது எனக்குச் சொன்னதல்ல.

மறுபடி வாசித்தார். நாலாவதில் நிற்காமலிருக்க முயன்று தடுமாறினார். மறுபடி. நாலாவதில் நிற்காமல் ஆறாவதில் நின்றார். "இப்ப?" "ஆறுல நின்னீங்க." "இப்ப?" "நாலுல, கொஞ்சூண்டு." "கொஞ்சூண்டுகூட கேக்குதா உங்களுக்கு?" "கண்ணாடிக் குடுவை வெச்சுருக்கேன்."

நாலே முக்கால் மணிக்கு ஏழும் ஒரே மூச்சில் ஏறின. எட்டாவது சுரம் வந்தது. உடையவில்லை. அப்படியே நின்றது. பனி உறைந்த ஏரிமேல் முதல் தடவையாகக் காலை வைத்து, அது தாங்கும் என்று தெரியும்போது இருக்குமே, அப்படி. அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மெட்டு கீழே இறங்குகிறது. ஏறியதைவிட எளிமையாக, கொஞ்சம் குறும்பாக, படிக்கட்டின் கைப்பிடியில் சறுக்கி வருவதுபோல. ஆறு வாரம் காத்திருந்தது வீணில்லை.

விரல் முட்டியால் சுவரில் தட்டினேன். நீளமாக.

"பாராட்டா, புகாரா?"

"பாராட்டு."

ஆறு அடிக்கும்வரை வாசித்தார். நான் நூற்று ஏழாம் பக்கத்துக்கு வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை. விடுதி முழுக்க அமைதி. காலை பத்தரைக்கு என் கதவின் அடியில் ஒரு சீட்டு வழுக்கி வந்தது. 'இன்று நான் வாசிக்க முடியாது. நீங்கள் வாசிக்கலாம். சத்தம் போட்டுப் படிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை, கெசினாவிடம் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். தயவுசெய்து: அவுஃப்ஹோரன்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

சுவர் அருகே போனேன். "புத்தகம் ஃபின்னிஷ் மொழியில இருக்கு. உங்களுக்குப் புரியாது."

"உங்களுக்கு பஸூன் புரியுமா?"

நூற்று ஏழாம் பக்கத்தைத் திறந்தேன்.

சத்தமாகப் படிக்கும்போது என் வேகம் மணிக்கு இருபத்திரண்டு பக்கம். சகோதரிகள் அதிகம் பேசாததால் எனக்குக் குரல் மாற்றும் வேலை இருக்கவில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தில் மூத்தவள் விளக்கை ஏற்ற மறந்துவிடும் இடத்தில் அவர் "ஐயோ" என்றார். குரல் போன போக்கிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஏழேகால். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கண்துளையில் பார்த்தேன். நடைவழியில் ஒரு முதுகும் நீளமான பெட்டியும். வழக்கப்படி அவர் போகும்வரை நின்றிருக்க வேண்டும். கதவைத் திறந்தேன்.

அவர் திரும்பினார். அவ்வளவு ஆழமான வாத்தியத்துக்கு மிகச் சின்ன ஆள். சவரம் செய்தபோது மூக்கில் பட்ட சோப்பு நுரை காயாமல் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுவர் இல்லாததால் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. விரலால் என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு முதல் நான்கு சுரங்களை மெல்ல முனகிவிட்டு, கேள்வியாக என்னைப் பார்த்தார். நிற்காதீர்கள் என்று கையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

அன்று ஆய்வகத்தில் ஒரு குடுவையில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு அறையில் இருந்தேன். பத்து நிமிடம் கழித்துப் பதினான்காம் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு சுவரில் விரல் முட்டிகள். பலமாக, நீளமாக, நிற்காமல்.

"பாராட்டா, புகாரா?" என்று கேட்டேன்.

"இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்காங்க! அடுத்த வாரம்!"

"எட்டாவது?"

"நின்னுச்சு! நீளமா நின்னுச்சு. அவங்களே பாத்துட்டு, தயவுசெய்து நிறுத்துங்கன்னு சொன்னாங்க."

"எந்த வார்த்தை சொன்னாங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் என் அலமாரியில் இருந்த கண்ணாடிக் குடுவை அதிர்ந்தது. நான் நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பக்கம் அவர் ஊத ஆரம்பித்தார்.